பாத்திக்குள் பூட்ஸ்

அன்புள்ள அப்பாவுக்கு, செந்தமிழ் எழுதுவது. நான் நலம். உங்கள் கால் வெடிப்பு ஆறியதா? அம்மாவின் இருமல் குறைந்ததா?

நம் உப்பளத்தில் எடுத்த ஜெயில் படத்தை ஹாஸ்டல் தோழி ஷஹானாவோடு பார்த்தேன். தியேட்டரில் பாதி சீட் காலி. கைதி வேஷத்தில் நீங்கள் வார்டனை முறைத்ததும், "உங்கப்பா செம கெத்துடி!" என்றாள். அடுத்து சண்டை. கதாநாயகன் பூட்ஸ் காலோடு நம் உப்புப் பாத்திக்குள்ளேயே அடியாட்களைப் புரட்டினான். செருப்பை வரப்பில் விட்டுவிட்டு நீங்களும் அம்மாவும் மிதித்து மிதித்து இறுக்கிய தரை சேறாகக் கிளம்பியது. "யோவ், நாத்து நடப் போறியா?" என்று பின்னால் ஒருவன் கத்த, தியேட்டரே சிரித்தது. எனக்குப் பற்றி எரிந்தது.

போன வருஷம் இந்தப் படப்பிடிப்பு முடிந்த பிறகு, மழையால்தான் உப்பு கறுத்தது என்று ஏன் எழுதினீர்கள்? படத்தில் முறைத்தீர்களே, நிஜத்தில் 'பூட்ஸைக் கழட்டுங்க' என்று சொல்ல வாய் வரவில்லையா?

கொஞ்சம் நெத்திலிக் கருவாடு கொடுத்தனுப்புங்கள். இங்கே சோறு இறங்கவில்லை.

ஆபீசுக்கு நேரமாகிவிட்டது. தை மாதம் பாத்தி மிதிக்க லீவு போட்டு வருகிறேன். மறுபடி எவனாவது கேமராவோடு வந்தால் வரப்பில் குறுக்கே நிற்பேன். எனக்குப் பேச வராது. பூட்ஸைக் கழற்றும்வரை அவன் காலையே பார்த்துக்கொண்டு நிற்பேன்.

உங்கள் மகள்,
செந்தமிழ்