வேர் மிச்சம்

12 பிப்ரவரி, காலை 6.20. முதல் பதிவு
வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். இனி நடப்பதை எழுதிவைக்கிறேன். யார் கையில் கிடைத்தாலும் படிக்கட்டும்.

நிலாக் குடியிருப்பு. குமிழுக்குள் காற்றழுத்தம் சீர். இங்கே புல்வெளி ஒன்றுதான், இயக்குநர் கோதண்டபாணி வீட்டு வாசலில். பூமியிலிருந்து வந்த மண்ணோடு கோரையும் வந்துவிட்டது. மருந்தடிக்க முடியாது, எல்லோரும் சுவாசிப்பது ஒரே காற்று. கல் இடுக்குகளில் கொதிநீர் ஊற்றினேன். ஓரங்களில் தேங்காய் நார் பரப்பினேன். மீதியை நண்டு பார்த்துக்கொள்கிறது.

நண்டு நான் செய்த இயந்திரம். ‘நண்டு, மேற்கு ஓரத்தில் களை’ என்றால் போதும், போய் இடுக்கியால் பிடுங்கும். வேர் அறுந்து உள்ளே தங்கிவிட்டால், அது வரும்வரை திரும்பத் திரும்பப் போகும். கோரை அப்படித்தான் ஒழியும்.

அதன் முதுகில் ‘வடிவமைப்பு: கோதண்டபாணி’ என்று பொறித்திருக்கிறது.

19 பிப்ரவரி, பகல் 11.05
இயக்குநரின் அழைப்பு: “என்னய்யா இது, நாய்க்குட்டியக் கூப்பிடுற மாதிரி ஒவ்வொரு தடவையும் பேர் சொல்லணுமா? ஞாயித்துக்கிழமை நிறைமதியப் பொண்ணு பாக்க வர்றாங்க. நான் பேச்சுவாக்குல களைன்னு சொன்னா அது ஓடணும். பேரை எடுத்துடுங்க.”

பெயர் சொன்னால்தான் அது கட்டளை, இல்லாவிட்டால் வெறும் பேச்சு என்று பதில் அனுப்பினேன். களை என்றால் வேண்டாத புல் மட்டுமில்லை, முகப்பொலிவும்தான் என்றும் எழுதினேன்.

எல்லோருக்கும் கேட்கும் பொதுத் தடத்தில் பதில் வந்தது: “புலவரே, நிலாவுல தமிழ் வாத்தியார் வேலை காலி இல்ல. சொன்னதச் செய்ங்க.” உணவுக்கூடம் முழுவதும் சிரித்தது.

பெயரை எடுத்துவிட்டேன்.

அவர் மகள் நிறைமதி என்னிடம் ஒருநாளும் மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை. குறித்துவைக்கிறேன், அவ்வளவுதான்.

23 பிப்ரவரி, ஞாயிறு, மாலை 4.40. கட்டுப்பாட்டு அறை
எனக்கு அழைப்பில்லை. நண்டின் ஒலிவாங்கி வழியாகக் கேட்கிறேன்.

இயக்குநர்: “சும்மா பாருங்க சார். அந்த ஓரத்துல களை.” நண்டு ஓடியது. கைதட்டல்.

மாப்பிள்ளையின் அப்பா: “அடேங்கப்பா, என் பையனவிடச் சுறுசுறுப்பா இருக்கே.”

நிறைமதி: “அதுக்குக் காபி போடத் தெரியாது அங்கிள்.”

“இவனுக்கும் தெரியாதும்மா.”

மாப்பிள்ளையின் அம்மா: “புல்லப் பாத்தது போதும், பொண்ணப் பாருங்க. முகத்துல என்ன களை.”

மாலை 4.41
நண்டு திரும்பியது.

“நில்லு, நில்லு” என்று கத்துகிறார்கள். நிறுத்தும் கட்டளை மட்டும் இன்னும் பெயரோடுதான் இருக்கிறது, ‘நண்டு, நில்’ என்றால்தான் அது நிற்கும். அந்தப் பெயர்தான் இப்போது அதற்குத் தெரியாதே.

நண்டின் அறிக்கை: “இடம்: முகம். களை அகற்றப்பட்டது. வேர் மிச்சம்.”

24 பிப்ரவரி, காலை 9.15
நாலு பேர் சேர்ந்து நண்டை இழுத்துப்போய்க் கொட்டகையில் பூட்டியிருக்கிறார்கள். மருத்துவரின் அறிவிப்பு: நிறைமதியின் உயிருக்கு ஆபத்தில்லை, ஒரு கண் தப்பியது.

அடுத்த அறிவிப்பு என்னைப் பற்றியது: இயந்திரத்தை வடிவமைத்தது நான்தானாம். நண்டின் முதுகில் இருந்த இயக்குநர் பெயரைச் சுரண்டிவிட்டு என் பெயரைப் பொறித்துவிட்டார்கள். இதற்காக எத்தனை மனு எழுதியிருக்கிறேன். எழுத்துப்பிழைகூட இல்லை.

காலை 10.30
நண்டு கொட்டகைக் கதவைப் பிய்த்துவிட்டது. மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நிற்கிறது. அதற்கு வேலை பாக்கி இருக்கிறது.

இயக்குநரின் அழைப்பு: “ஐயா, அந்தப் பேர மறுபடி போட்டுடுங்கய்யா. நான் கத்திக் கூப்பிட்டு நிறுத்திக்கிறேன். கதவு தாங்காது. அவ உள்ள தனியா இருக்கா.”

ஐயா என்கிறார்.

காலை 10.34
நண்டின் அறிக்கை: “வேர் மிச்சம்.”

பெயரைத் திரும்பப் போட ஒரு வரி தட்டினால் போதும். திரை திறந்துதான் இருக்கிறது. முதலில் இந்தப் பதிவுகளைப் பொதுத் தடத்தில் ஏற்றிவிடுகிறேன். எழுதியவர் யார் என்று ஒரு கட்டம் கேட்கிறது. யோசித்துப் பார்த்தேன்.

பெயர் வேண்டாம்.