பாட்டு மட்டும்

பிப்ரவரி 4, புதன்

இதை உன்னிடம் தவிர வேறு யாரிடமும் சொல்ல முடியாது, டைரியே. இன்று காலை குளியலறையில், இடுப்பில் துண்டோடு, ஷாம்பு பாட்டிலை மைக்காகப் பிடித்துக்கொண்டு, கண்ணாடிக்கு முன்னால் ஒரு கல்யாண வரவேற்பையே நடத்திக்கொண்டிருந்தேன். தாழ்ப்பாள் போட மறந்துவிட்டேன். "மாப்பிள்ளையின் தலைமுடிக்காக ஒரு நிமிடம் மௌன அஞ்சலி" என்று கையை உயர்த்திய கட்டத்தில் கொழுந்தியாள் கதவைத் திறந்தாள். அலறவில்லை. சிரிக்கவும் இல்லை. "அத்தான், பாட்டில் மூடி திறந்திருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாத்தினாள். குனிந்து பார்த்தால் முழங்கை வரை ஷாம்பு.

எனக்கு ஐம்பத்தொரு வயது. தொழில், கல்யாண வரவேற்புகளில் டிஜே. தொப்பையை மேஜை மறைத்துவிடும், வழுக்கையைத் தொப்பி மறைத்துவிடும். வாயை மறைக்கத்தான் ஒன்றும் கிடைக்கவில்லை.

கொழுந்தியாளுக்கு நாற்பத்து நான்கு. பல் டாக்டர் ஒருவரின் கிளினிக்கில் வரவேற்பு மேஜையில் உட்காருகிறாள். பல வருஷமாக எங்கள் மாடி அறையில் இருக்கிறாள். இந்த மாதம் இருபத்திரண்டாம் தேதி அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்; மனைவியை இழந்தவர்; சொந்த வீடு. எனக்கு இரட்டைச் சந்தோஷம். அவளுக்கு ஒரு துணை, என் ஸ்பீக்கர்களுக்கு ஒரு அறை. இதில் எது பெரிய சந்தோஷம் என்று நீ கேட்காதே.

பிப்ரவரி 8, ஞாயிறு

நேற்று ஒரு வரவேற்பு. டிஜே என்றால் பாட்டுப் போடுகிறவன் என்று நினைக்கிறார்கள். அடப் பாவிகளா, நான் ஆள் மேய்க்கிறவன்! கூட்டம் கல்லுப்பிள்ளையாராட்டம் உட்கார்ந்திருந்தால் எடுத்த எடுப்பில் ஆட்டப் பாட்டுப் போடக் கூடாது. பழைய பாட்டு ஒன்றைத் தணிவாக விட்டு, மேஜைக்கு அடியில் பார்ப்பேன். செருப்பு ஆடுகிறதா? ஆடினால் அடுத்த பாட்டில் தோள் ஆடும், அதற்கடுத்ததில் அத்தைமார்கள் எழுந்துவிடுவார்கள். சாப்பாடு தாமதம் என்று சமையல்காரர் கண்ணைக் காட்டினால் இழுவையான பாட்டு. மேஜை காலியாக வேண்டுமென்றால் வேகத் தாளம். தாளத்துக்கு ஏற்ற மாதிரி மென்றுவிட்டு எழுந்து போவார்கள். பெரியவர் யாராவது வாழ்த்துரை என்று இழுத்துக்கொண்டே போனால், அவர் மைக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவேன். தொண்டை கட்டிவிட்டது என்று நினைத்து அவரே முடித்துக்கொள்வார். பேசுகிறவருக்குக் கடைசிவரை தெரியாது.

நேற்று மாப்பிள்ளையின் தங்கை ஆட வந்தாள். கொஞ்சம் பருமன். "தரை தாங்குமான்னு மண்டபக்காரரை ஒரு வார்த்தை கேட்டுக்குங்க" என்றேன். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அந்தப் பெண் போய் உட்கார்ந்தவள் பிறகு எழவில்லை, சாப்பிடவும் போகவில்லை. சரி, இருநூறு பேர் சிரித்தார்களே.

வீட்டுக்கு வந்தால் மனைவியிடம் ஒரு சமாசாரம். கண்ணாடிக்கடைக்காரர் முதல்முதலாகப் பார்க்க வந்துபோன அன்று, கொழுந்தியாள் சமையலறையில் அக்காவிடம் சொன்னாளாம்: "நான் வீட்டுக்குத்தான் சரின்னு சொன்னேன். ஆள் அதோட ஒட்டிக்கிட்டு வருது, என்ன பண்றது?"

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றாள் மனைவி. என்னிடம் போய்!

இன்னொன்றையும் எழுதி வைக்கிறேன், இல்லாவிட்டால் பாவம். அது அன்றைக்குச் சொன்னது. இப்போது கொழுந்தியாளின் மூக்குக்கண்ணாடித் திருகாணி தினமும் சாயங்காலம் லூசாகிறது. முடுக்கிக்கொள்ளக் கடைக்குப் போகிறாள். ஒரு திருகாணி முடுக்க ஒரு மணி நேரம் ஆகிறது.

பிப்ரவரி 13, வெள்ளி

கொழுந்தியாள் மாடியிலிருந்து இறங்கி வந்து எதிரில் உட்கார்ந்தாள். "அத்தான், பாட்டு மட்டும் போடுங்க. மைக் வேண்டாம்."

ஏன் என்றேன். அவருக்குத் தன் முகத்தைப் பற்றி ரொம்பக் கூச்சமாம். முதல் மனைவியின் வீட்டில் எல்லாரும் கூடி உட்கார்ந்து கேலி பண்ணுவார்களாம். வேறு வழியில்லாமல் இவரைக் கட்டிக்கொண்டாள் என்று முகத்துக்கு நேரே சொல்வார்களாம். "இப்பதான் கண்ணாடியில பாத்துச் சிரிக்கிறார் அத்தான். கெடுத்துடாதீங்க."

சத்தியம் பண்ணிக் கொடுத்தேன். பிறகு ஷாம்பு பாட்டிலை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனேன். தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

கொழுந்தியாள் லீவு போட்டுவிட்டு மண்டபத்தில் நாற்காலிகளைப் பார்க்கப் போனாளாம். நாற்காலியில் என்ன இருக்கிறது பார்க்க?

பிப்ரவரி 23, திங்கள்

நேற்று வரவேற்பு முடிந்தது. வரிசையாகச் சொல்கிறேன்.

அந்த மண்டபத்தில் வெளி ஸ்பீக்கர் கூடாது. என் பாட்டும் என் மைக்கும் தனித்தனி ஒயரில் மேலே ஒரு அறைக்குப் போகும். அங்கே மண்டபத்துச் சவுண்டுக்காரர் வாங்கி வெளியே விடுவார். என்னைத் தூணுக்குப் பின்னால், பூ வளைவின் முதுகில் உட்காரவைத்தார்கள். காதில் ஹெட்போன், முட்டிக்கருகே என் குரல் எனக்குக் கேட்க ஒரு சின்ன ஸ்பீக்கர் பெட்டி.

முதல் ஒரு மணி நேரம் வாயைத் திறக்கவில்லை. நம்பு. ஒரு ஹாலை அப்படி நான் கட்டிப்போட்டதே இல்லை. சிடுமூஞ்சி பல் டாக்டர் தன் பற்கள் அத்தனையும் தெரிய ஆடினார். பேச்சுவார்த்தை அறுந்துபோன இரண்டு சித்தப்பாக்கள் ஒரே வட்டத்தில் கைதட்டினார்கள். அப்புறம் கை தானாக மைக்குக்குப் போனது. சின்னதாக ஆரம்பித்தேன். டாக்டரின் பல், சித்தப்பாக்களின் இடுப்பு. சிரித்தார்கள். சிரிப்பு கொஞ்சம் முன்னே பின்னே வந்தது. பெரிய ஹாலென்றால் அப்படித்தான்.

பிறகு பெண்ணும் மாப்பிள்ளையும் மெதுவான பாட்டுக்கு ஆடினார்கள். ஆட்டம் என்ன ஆட்டம், ஒருவர் காலை ஒருவர் மிதிக்காமல் நிற்பதே பெரிய பாடு. ஆனால் மொத்த ஹாலும் அந்த இரண்டு பேரையே பார்த்துக்கொண்டிருந்தது. என் பக்கம் ஒரு தலை திரும்பவில்லை. அது எனக்குத் தாங்காது.

சொல்லிவிட்டேன். வீட்டுக்குத்தான் சரின்னாளாம், ஆள் ஒட்டிக்கொண்டு வந்தாராம் என்று, கொழுந்தியாளின் குரலிலேயே.

மாப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். அவள் அவர் காதில் ஏதோ சொன்னாள். கையைப் பிடித்து வெளியே அழைத்துப்போனாள். வெகுநேரம் வரவில்லை. நான் அடுத்த பாட்டைப் போட்டேன். என்ன பாட்டு என்று நினைவில்லை.

பிப்ரவரி 25, புதன்

யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டினால் தேவலை. மனைவியிடம் நைசாக, "அன்னைக்கு நான் பேசினது..." என்று ஆரம்பித்தேன். "நீங்க எப்ப பேசாம இருந்தீங்க?" என்று பாத்திரத்தை நங்கென்று வைத்தாள். அதற்கு மேல் கேட்கத் தைரியம் வரவில்லை.

பிப்ரவரி 27, வெள்ளி

கடைத்தெருவில் பல் டாக்டர். பாட்டெல்லாம் பிரமாதம் என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். பாட்டெல்லாம். பேச்சைப் பற்றி மூச்சில்லை. வாயில் எடுக்கவே கூசுகிற அளவுக்கா கேவலமாகிவிட்டது?

நாளை மறுநாள் போய் மன்னிப்புக் கேட்கப் போகிறேன். மன்னிப்பா, இல்லை, யாராவது அந்த ஜோக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக் கேட்க வேண்டும் என்ற அரிப்பா? இரண்டும்தான் என்று வைத்துக்கொள்.

மார்ச் 1, ஞாயிறு

போனேன். வாசலிலேயே சிரிப்புச் சத்தம் கேட்டது. அவர் ஸ்டூலில் ஏறி அலமாரி மாட்டிக்கொண்டிருந்தார், அவள் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "வாங்க சகலை" என்று இறங்கி வந்தார்.

உட்காராமலே சொன்னேன். "அன்னைக்கு மைக்ல நான் பேசினதுக்கு ரெண்டு பேரும் என்னை மன்னிக்கணும்."

கொழுந்தியாள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அதெல்லாம் யாருக்கும் எதுவும் கேக்கல அத்தான். உக்காருங்க, தண்ணி கொண்டுவரேன்."

எவ்வளவு பெரிய மனசு! இல்லை, நான் சொல்லியே ஆகணும் என்றேன். "போதும் அத்தான்" என்று என் கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது. பாசம் என்று நினைத்தேன்.

"என்ன பேசினீங்க சகலை? நான் கவனிக்கலையே" என்றார் அவர்.

என் வாயாலேயே வரட்டும் என்று பார்க்கிறார், நியாயம்தானே என்று எனக்குப் பட்டது. சொன்னேன். வெறுமனே சொல்ல வருமா எனக்கு? கை தானாக மடங்கி வாய்க்கு நேரே வந்தது. கொழுந்தியாளின் குரலில், அந்த இழுப்போடு, முழுசாகச் சொன்னேன்.

சிரித்தார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டிக்கொண்டார். "நீங்க வீட்டை முழுசாப் பாக்கலையே சார்" என்றார். சகலை போய் சார் வந்துவிட்டது. ஒவ்வொரு அறையாகக் காட்டினார், வாங்க வந்தவனுக்குக் காட்டுவதுபோல. குழாயைத் திறந்து மூடினார். ஜன்னல் கொக்கியை மாட்டிக் காட்டினார். சுற்றி முடித்து அவளிடம் வந்து நின்றார்.

"உனக்கு வீடு பிடிச்சிருக்குல்ல?"

அவள் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

மார்ச் 4, புதன்

கண்ணாடிக்கடைக்காரர் கடையிலேயே படுத்துக்கொள்கிறாராம். சண்டை எதுவும் இல்லையாம். நீ வீட்டில் சௌகரியமாக இரு என்றாராம்.

மார்ச் 9, திங்கள்

கொழுந்தியாள் வந்துவிட்டாள். கடைக்குத் தினமும் போய்ப் பார்த்தாளாம். அது வாய் தவறி வந்த பேச்சு, அன்றைக்கு உங்களை எனக்குத் தெரியாது என்று சொல்லிப் பார்த்தாளாம். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, வந்தவர்களுக்கு லென்ஸ் காட்டப் போய்விட்டாராம். இன்று வீட்டுச் சாவியைக் கடைக் கதவின் கைப்பிடியில் மாட்டிவிட்டு நேரே இங்கே வந்திருக்கிறாள்.

"வீடு இருக்குக்கா. ஆள்தான் கூட வரல" என்றாள் அக்காவிடம். இரண்டு பேரும் அழவில்லை. மனைவி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். என்னை நம்பி ஒரு சமாசாரம் சொன்ன குற்றம் அவளுக்கும் இருக்கிறதே. அதையும் சேர்த்து என் மேலேயே போட்டிருக்கிறாள்.

என்னிடம் கொழுந்தியாள் பேசியது ஒன்றுதான். "ஸ்பீக்கரை எடுத்துடுங்க அத்தான். கால் வைக்க இடமில்ல."

ஒவ்வொன்றாக இறக்கிப் படிக்கட்டுக்கு அடியில் வைத்தேன். அவள் கதவோரம் நின்றாள். மூக்குக்கண்ணாடியின் ஒரு காது தொங்கிக்கொண்டிருந்தது. திருகாணி இல்லை. நூல் சுற்றியிருந்தாள்.

மார்ச் 14, சனி

மண்டபத்தில் ஒரு ஒயரை விட்டுவிட்டு வந்திருந்தேன், எடுக்கப் போனேன். சவுண்டுக்காரர் சுருட்டி வைத்திருந்ததைக் கொடுத்துவிட்டு, கோபமில்லையே சார் என்று தலையைச் சொறிந்தார். எதற்கு என்றேன்.

"உங்க மைக்கைத்தான் அன்னைக்கு நான் திறக்கவே இல்லையே. பொண்ணு முன்னாடியே வந்து சொல்லிட்டுப் போனாங்க, பாட்டு மட்டும் வெளிய விடுங்கன்னு. நீங்க பேசினது உங்க முட்டிகிட்ட இருந்த பெட்டியில மட்டும்தான் சார்."