மணியும் விளக்குமாறும்

டீச்சர்,

போன வாரம் பயிற்சிக்குப் போயிருந்தேன். வட்டார வள மையத்தின் அதே மாடி அறை. சுவரில் ஒட்டுவதற்காக யாரோ சார்ட் பேப்பரில் எழுதிக்கொண்டிருந்தார்கள். மார்க்கர் பேனாவின் அந்தக் காட்டமான வாசனை மூக்கில் ஏறியதுமே உங்கள் நினைவு வந்துவிட்டது. 'அனைவரையும் உள்ளடக்கிய வகுப்பறை' என்று தலைப்பு. கீழே பல நிறச் சட்டைகளில் பிள்ளைகள் கைகோத்து நின்றார்கள். கருத்தாளராக வந்த இளைஞர் நல்லவர்தான். திரையில் இருந்ததை ஒரு வரி விடாமல் வாசித்தார். நாங்கள் செல்போனில் படம் எடுத்துக்கொண்டோம். டீயும் வடையும் வந்தன. அவர் சொன்ன எதுவும் யாரையும் தொடவில்லை. நீங்கள் இதே அறையில் நின்று பேசிய அன்றைக்கு அப்படி இல்லை.

குடவாசல் பக்கத்து வாய்க்கால் கரையில் நம் பள்ளிக்கூடம். நீங்கள் தலைமையாசிரியர், நான் உதவி ஆசிரியர், அவ்வளவுதான் நம் படை. பெரிய தெருப் பிள்ளைகளும் காலனிப் பிள்ளைகளும் கலந்துதான் உட்கார்ந்தார்கள். சத்துணவையும் ஒன்றாகத்தான் சாப்பிட்டார்கள். அதனால் நம் பள்ளியில் ஒரு குறையும் இல்லை என்று நாம் இருவருமே நினைத்திருந்தோம்.

ஒரு காலையில் அபிநயா வராந்தாவைக் கூட்டிக்கொண்டிருந்தாள். நான்காம் வகுப்பு, காலனியிலிருந்து வருகிற பிள்ளை. வேப்பமரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டுதான் நம் பள்ளி மணி. அதை அடிக்க வேண்டிய பையன் அன்று வரவில்லை. நீங்கள் சாதாரணமாகத்தான் சொன்னீர்கள்.

"அபி, நீ போயி மணிய அடிச்சிட்டு வாம்மா."

அவள் விளக்குமாற்றைப் பிடித்தபடி நின்றாள். "அது எங்க வேல இல்ல டீச்சர்" என்றாள்.

வருத்தமாகச் சொல்லவில்லை, கோபமாகவும் சொல்லவில்லை. இன்றைக்கு வெள்ளிக்கிழமை என்று சொல்வதுபோலச் சொன்னாள். பெரிய தெரு ஹரிணி ஓடிப்போய் மணியை அடித்தாள். நீங்கள் முதல் பாடவேளை முழுக்க நாற்காலியில் உட்காரவே இல்லை. மத்தியானம் என்னிடம் கேட்டீர்கள். "நாம சொல்லிக் குடுக்கலியே டீச்சர். இவ்வளவு சுத்தமா யார்கிட்ட படிச்சுது அது?"

அதன் பிறகுதான் நாம் பார்க்கத் தொடங்கினோம். கூட்டுவது எப்போதும் ஒரு தெரு. மணி அடிப்பதும், நமக்கு டீ வாங்கி வருவதும், ஆண்டு விழாவில் மாலை எடுத்துக் கொடுப்பதும் இன்னொரு தெரு. யாரும் போட்ட உத்தரவு இல்லை. அடுத்த வாரத்திலிருந்து முறை வைத்தீர்கள். ஒரு வாரம் மணி அடிக்கிற பிள்ளை மறு வாரம் கூட்டும். முதல் நாள் அபிநயா அடித்த மணி நிற்கவே இல்லை. போதும் போதும் என்று நீங்கள் சிரித்துக்கொண்டே கையைப் பிடித்து நிறுத்த வேண்டியதாயிற்று.

அந்த மாதம்தான் பயிற்சியில் பேச உங்களை அழைத்தார்கள். வட்டாரத்துப் பள்ளிகளிலிருந்தெல்லாம் ஆசிரியர்கள் வந்திருந்தார்கள். நானும் பின்வரிசையில் இருந்தேன். நீங்கள் திரையை அணைக்கச் சொன்னீர்கள்.

"உங்க பள்ளிக்கூடத்துல மணி அடிக்கிறது யாரு, கூட்டுறது யாரு? பேர மனசுக்குள்ளயே சொல்லிக்குங்க. அப்புறம் அந்தப் புள்ளைங்க எந்தத் தெருவுலேருந்து வர்றாங்கன்னு நெனச்சுப் பாருங்க. எனக்குச் சொல்ல வேணாம்."

சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். பிறகு முன்வரிசையிலிருந்து மூத்த தலைமையாசிரியர் ஒருவர் எழுந்தார். "எங்க ஸ்கூல்ல சாதிங்கிற பேச்சே கெடையாதுங்க. நீங்கதான் இப்ப கொண்டாந்து உள்ள வக்கிறீங்க."

"பேச்சு கெடையாது சார், நானும் ஒத்துக்கறேன்" என்றீர்கள். "எங்க ஸ்கூல்லயும் பேச்சு கெடையாது. வேல மட்டும் நடந்துகிட்டு இருந்துச்சு."

சாப்பாட்டு வேளையில் இரண்டு பேர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். "அந்த டீச்சர் என்ன ஆளுங்க?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்கள். தெரியாது என்றேன். பஸ்ஸில் வரும்போது உங்களிடம் சொன்னதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். "சொல்லிடாதீங்க டீச்சர். எதுவா இருந்தாலும் நான் பேசுனதுல பாதிய அதுல கழிச்சிருவாங்க." அவர்கள் கேட்டதற்குப் பதில் எனக்குத் தெரியும். இந்த மடலிலும் எழுதப் போவதில்லை.

அதன் பிறகு எந்தப் பயிற்சிக்கும் உங்களைப் பேச அழைக்கவில்லை. காரணம் கேட்டதற்கு, "மேல சொல்லிட்டாங்க" என்று மட்டும் பதில் வந்தது. அதை நீங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நம் வாசலுக்கு வந்ததுதான் உங்களை உடைத்தது.

ஹரிணியின் அப்பா பைக்கை வெளியே நிறுத்திவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கத்தவில்லை. "டீச்சர், எம்பொண்ணு வீட்டுலயே வெளக்கமாறத் தொட்டதில்லீங்க. இங்க வந்து தொடணுமா?"

"எல்லாப் புள்ளையும் ஒரு வாரம் கூட்டுதுங்க. அடுத்த வாரம் மணி அடிக்குதுங்க."

"மணிய யாரு வேணும்னாலும் அடிக்கட்டும். நான் கூட்டுறதச் சொல்றேன்."

"ரெண்டும் ஒண்ணாத்தான் வரும் சார்" என்றீர்கள். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஜூன் மாதம் பெரிய தெருவுக்கு மஞ்சள் வேன் வந்தது. முதலில் ஹரிணி போனாள், பிறகு அவளுடைய சித்தப்பா பிள்ளைகள், பிறகு அந்த வரிசை முழுக்க. இங்கிலீஷ் மீடியத்துக்காகப் போகிறோம் என்றார்கள். அதுவும் பொய்யில்லை. மறு வருடம் மே மாத வெயிலில் நாம் இருவரும் அந்தத் தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கினோம். எல்லா வீட்டிலும் உட்காரவைத்து மோர் கொடுத்தார்கள். "நீங்க நல்லாச் சொல்லிக் குடுக்குறீங்க, அதுல குத்தமே இல்ல" என்றார்கள். ஒரு பிள்ளையும் வரவில்லை. சேர்க்கை ஏன் குறைந்தது என்று அலுவலகத்திலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பக்கத்து ஊர்ப் பள்ளியோடு சேர்த்துவிடப்போவதாகப் பேச்சு வந்தது. நீங்கள் வயிற்று வலியை யாரிடமும் சொல்லாமல் மாத்திரை போட்டுக்கொண்டு அதற்கெல்லாம் பதில் எழுதினீர்கள்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் உங்களைச் சேர்த்தபோது நோய் முற்றியிருந்தது. வழியெல்லாம் சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். அந்தக் கையில் கனமே இல்லை.

"நான்தான் பள்ளிக்கூடத்தக் காலி பண்ணிட்டேனா டீச்சர்?"

"இல்ல டீச்சர்."

"சும்மா சொல்லாதீங்க."



உங்களை எடுத்த அன்று ஹரிணியின் அப்பா மாலையோடு வந்தார். அவர் கண் கலங்கியிருந்தது, நடிப்பில்லை. ஹரிணி வளர்ந்திருந்தாள். என் பக்கத்தில் வந்து நின்று விசும்பினாள். அவள் அழுகையை மாற்றுவதற்காக, புதுப் பள்ளி எப்படிம்மா என்று கேட்டேன்.

"நல்லாருக்கு டீச்சர். அங்க நாங்க கூட்ட வேணாம்."

"அப்ப யாரு கூட்டுறா?"

"அபிநயா அம்மாதான் டீச்சர். அங்கதான் வேலைக்கு வர்றாங்க."

பறைச் சத்தத்தில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று மறுபடி கேட்டேன். மறுபடியும் அதையேதான் சொன்னாள். நீங்கள் அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தீர்கள். இதை நீங்கள் கேட்காமல் போனதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. ஆனால் உங்களிடம் சொல்லாமல் என்னாலும் வைத்துக்கொள்ள முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

பள்ளியை இன்னும் மூடவில்லை. இப்போது காலனிப் பிள்ளைகள் மட்டும்தான். போன மாதம் பார்வையிட வந்த அதிகாரி, "இங்கு பாகுபாடே இல்லை, மகிழ்ச்சி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். நான் அவருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தேன்.

ஆஸ்பத்திரியில் உங்களுக்குச் சொன்ன அந்த 'இல்ல' என்ற சொல்லை நான் விட்டுவிடவில்லை டீச்சர். காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும்போது, எதிரே வேன் வந்தால், ஓரமாக நின்று வழி விட்டுவிட்டு ஒரு தடவை சொல்லிக்கொள்கிறேன். சில நாள் அது எனக்கே நம்பும்படி இருக்கிறது. மற்ற நாட்களில் வெறுமனே சொல்லிவிட்டு, பிள்ளைகள் காத்திருப்பார்கள் என்று நடக்கிறேன்.