கிரில் மீனும் மேலாளர் நாற்காலியும்

மார்ச் 4
மேலாளர் இந்த மாதம் ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலிக்குப் பொருத்தமான முதுகு அலுவலகத்தில் என்னுடையது ஒன்றுதான். இது என் சொந்தக் கருத்து.

இயக்குநர் — நாங்கள் பெரியவர் என்போம் — மதியம் சாப்பாட்டு அறைக்கு வந்தார். டாக்டர் எண்ணெயை நிறுத்தச் சொல்லிவிட்டாராம். வறுத்த மீன் போச்சே என்று புலம்பினார். என் வாய் சும்மா இருக்குமா?

“எங்க வீட்ல ஞாயித்துக்கிழமைன்னா கிரில் மீன்தான் சார், கம்பி மேல வச்சு சுடறது. மேல ஆரஞ்சு, எலுமிச்சை போட்ட சல்சான்னு ஒரு பச்சடி. நானே செய்வேன்.”

“அப்போ அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை வந்துடறேன்” என்றார்.

எனக்கு வெந்நீர் வைக்கத் தெரியும். அதிலும் ஒருமுறை பாத்திரம் தீய்ந்திருக்கிறது.

மார்ச் 6
கிரில் அடுப்பு வாங்கியாயிற்று. மனைவி அதைச் சுற்றி வந்து பார்த்தாள். “இத யாரு கழுவுவா?” பெரிய காரியம் நடக்கும்போது இப்படிச் சின்னக் கேள்விகள் வரத்தான் செய்யும்.

மார்ச் 8
ஒத்திகை. முள் எடுத்த மீன் துண்டுகளைக் காலையிலேயே எலுமிச்சைச் சாற்றில் ஊறப்போட்டேன். ஊற ஊற ருசி என்பது என் சித்தாந்தம். மதியம் பார்த்தால் அடுப்பேறும் முன்பே வெளுத்துக் குழைந்து கிடந்தன. கம்பியில் வைத்துப் புரட்டினேன். பாதி கம்பியோடு போயிற்று, பாதி நெருப்பில் விழுந்தது.

மனைவி ஊறப்போடாத ஒரு துண்டை எடுத்தாள். ஈரம் போகத் துடைத்தாள், பேருக்கு எண்ணெய் தடவினாள், சூடான கம்பியில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான் கரண்டியை நீட்டினேன். கையில் ஒன்று போட்டாள்.

“நோண்டாதீங்க. வெந்தா அதுவே கம்பிய விட்டுடும்.”

விட்டது. முழுசாக! சல்சாவும் அவள் கையால்தான் — ஆரஞ்சுச் சுளை, எலுமிச்சை, வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லி. சாப்பிடும்போதுதான் கலக்க வேண்டுமாம், இல்லையென்றால் நீர் விட்டுக்கொள்ளுமாம். இத்தனை வருடம் இதெல்லாம் எங்கே வைத்திருந்தாள்? நான் கேட்டதில்லை.

மார்ச் 11
கணக்குப் பிரிவு அம்மா பெரியவர் போட்ட திட்டத்தையே ‘இது சரிவராது’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்! போட்டிக்கு இருந்த ஒரே ஆள். பாவம், தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார்.

மார்ச் 15


பெரியவர் வந்ததும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, “கரண்டிய குடுங்க, நானே பாக்கறேன்” என்றார். கொடுத்தேன். மீனை வைத்த மறுநொடியே புரட்டினார். மறுபடி புரட்டினார். ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார், நடுவில் குத்திப் பார்த்தார். ‘நோண்டாதீங்க’ என்று அவள் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. வாயோ “அருமை சார், கை பேசுது சார்” என்றது. முதல் துண்டு தூளானது. “இப்படி உதிரியா இருந்தாதான் சார் சல்சா உள்ள இறங்கும்” என்றேன். என்ன மனுஷன்டா நான்! இரண்டாவதும் தூள்.

மூன்றாவதை வைக்கப் போனார். மனைவி அவர் கையிலிருந்து கரண்டியை வாங்கிவிட்டாள். “இத மட்டும் விட்டுடுங்க சார். நீங்க நோண்டி நோண்டியே கெடுக்கறீங்க.”

போச்சு. எல்லாம் போச்சு. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்றாவது துண்டு முழுசாக வந்தது. பெரியவர் மேலே சல்சாவைப் போட்டுக்கொண்டு, தலை நிமிராமல் சாப்பிட்டார். போகும்போது அவளிடம் மட்டும் சொல்லிக்கொண்டு போனார்.

மார்ச் 16
பெரியவர் அறைக்குக் கூப்பிட்டார்.

“நான் நோண்டித்தான் மீன் கெட்டுச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும் சார்.”

“அப்புறம் ஏன் சொல்லல?”

பதினெட்டு வருட சர்வீசில் முதல் தடவையாக வெறும் வணக்கம் மட்டும் போட்டுவிட்டு வெளியே வந்தேன். தெரியாது என்றாவது சொல்லியிருக்கலாமோ?

மார்ச் 17
தூக்கமில்லை. அவளோடு பேச்சும் இல்லை. அவள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

மார்ச் 20
கணக்குப் பிரிவு அம்மாதான் மேலாளர். வயிறு எரிகிறது, மறைப்பானேன். எல்லோரும் கை தட்டினார்கள், நான் கொஞ்சம் கூடுதலாகவே தட்டினேன். பெரியவர் என் பக்கம் திரும்பி, “தேர்வு எப்படி?” என்றார்.

இந்த முறை மனசில் இருப்பதைப் போட்டு உடைத்துவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். “இதவிடப் பொருத்தமான ஆளே கெடையாது சார்” என்று வந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன், ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என்று. அவள் யோசித்துவிட்டுச் சொன்னாள்: “அவர்கிட்ட நீங்க சொன்ன மொத உண்மை இதுதாங்க.”