வலப்பக்கம் இழுக்கும் வண்டி

மார்ச் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

நட்டு எழுதிக்கொள்வது. அண்ணிக்கு முதுகுவலி தேவலையா? ஒத்தடம் கொடு என்றால் உனக்குக் கோபம் வரும், தெரியும். ஆனாலும் கொடு.

நீ அனுப்பிய பிரேக் பேட் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. தேய்ந்த பழசைத் திருப்பி அனுப்புகிற சாக்கில் பெட்டியின் அடியில் இந்தக் கடிதத்தை வைக்கிறேன். என் போனை வீட்டுக்காரர் தினமும் வாங்கிப் பார்க்கிறார். கிரீஸ் பட்ட பெட்டி என்றால் சட்டை அழுக்காகிவிடும் என்று கிட்டேகூட வர மாட்டார். இனி நம் தபால் இதில்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். அவர் புதிதாக ஒரு வண்டி வாங்கியிருக்கிறார். புதிது என்ன புதிது, இரண்டு பேர் ஓட்டித் தள்ளிவிட்டது. பார்க்கச் சின்னது, இன்ஜின் மட்டும் ராட்சசன். டர்போ வேறு. போதாததற்கு யாரிடமோ கொடுத்து இன்னும் பவரைக் கூட்டி வைத்திருக்கிறார். அத்தனை பவரும் முன்சக்கரங்களுக்கே போகிறது. மெதுவாகப் போனால் பசு. முதல் இரண்டு கியரில் ஆக்சிலேட்டரை முழுசாக மிதித்தால் ஸ்டீயரிங் கையைப் பிடுங்கிக்கொண்டு வலப்பக்கம் பாய்கிறது. காலை எடுத்தால் அதே வேகத்தில் இடப்பக்கம் துள்ளுகிறது.

வெள்ளிக்கிழமை சிக்னலில் நண்பர் ஒருவரோடு போட்டி போட்டிருக்கிறார். பச்சை விழுந்ததும் மிதித்தார், வண்டி நடுத்தடுப்பில் ஏறி நின்றது. ஸ்டீயரிங் சுழன்று அவர் கட்டைவிரலை முறுக்கிவிட்டது. நண்பர் சிரித்தாராம். வீட்டுக்கு வந்தவர் என் தலைமுடியைப் பிடித்துச் சமையலறைக் கதவு நிலையில் மோதினார். "சனியன் வண்டி, சனியன் பொண்டாட்டி, ரெண்டும் என் பேச்சைக் கேக்காது" என்றார். வலது காதில் இன்னும் இரைச்சல் இருக்கிறது.

பதறாதே. நான் பார்த்தவரை வண்டி அடங்காத நாளில்தான் அவர் கை நீளுகிறது. வண்டி சரியானால் மனுஷனும் சரியாகிவிடுவார். அப்பா பட்டறையில் நான் கற்றதெல்லாம் பழைய வண்டிகள், இந்த ராட்சசன் எனக்குப் புதிது. எங்கே ஆரம்பிக்கலாம் என்று எழுது.

உன்,
நட்டு

மார்ச் 11

என் நட்டுக்கு,

கடிதத்தைப் படித்ததும் கையிலிருந்த ஸ்பானரை எறிந்துவிட்டேன். ஒரு வாடிக்கையாளரின் பக்கக் கண்ணாடி போயிற்று. "நீங்களும் மாப்பிள்ளையும் ஒரே பள்ளிக்கூடமா?" என்று கேட்டாள் உன் அண்ணி.

உன் தலையை மோதின கையை முழங்கையோடு முறிக்க எனக்கு ஒரு நிமிஷம் போதும். நான் வந்தால் நான் போன பிறகு உனக்குத்தான் விழும் என்பதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நீ சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. பிரேக் கீச்சிட்டதற்காக என் சட்டையைப் பிடித்து உலுக்கிய ஒருவர், அது சரியானதும் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தார். வண்டிக் கோபம் வண்டியோடு போகும் என்றே நானும் நினைக்கிறேன்.

சரி, வேலையைக் கேள். இந்த மாதிரி வண்டியில் இன்ஜின் குறுக்கே படுத்திருக்கும், கியர்பாக்ஸ் இடது ஓரத்தில். அதனால் இடச்சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்ட் குட்டை, வலச்சக்கரத்துக்குப் போவது நெட்டை. பலமாக மிதித்தால் மூக்கு தூக்கும். இரண்டு ஷாஃப்டும் இரண்டு விதமாகச் சாயும், இரண்டு சக்கரமும் இரண்டு விதமாக இழுக்கும். அந்தச் சண்டைதான் ஸ்டீயரிங்கில் உன் கைக்கு வருகிறது. இது ஓரளவு பிறவிக்குணம். ஆனால் நடுத்தடுப்பில் ஏறும் அளவுக்கு இழுத்தால் வேறு கோளாறும் கூட இருக்கிறது.

முதலில் முன்டயர் இரண்டும் ஒரே வகையா, ஒரே தேய்மானமா, காற்று சமமா என்று பார். பிறகு இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டு. இழுப்பு பக்கம் மாறினால் குற்றம் டயரில். மாறாவிட்டால் உள்ளே போக வேண்டும். கடப்பாரையைக் கொடுத்து இன்ஜினை அசைத்துப் பார், அதைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் கிழிந்திருந்தால் துள்ளும். சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையின் ரப்பர் புஷ்ஷையும் விடாதே. சக்கரம் வெளியே துருத்திக்கொண்டு நின்றால் யாரோ அழகுக்கு உள்ளே ஸ்பேசர் தகடு வைத்திருக்கிறான், அதைக் கழற்றி எறி. சக்கரம் எவ்வளவு வெளியே நிற்கிறதோ அவ்வளவு பலமாக ஸ்டீயரிங்கைத் திருகும்.

காதை டாக்டரிடம் காட்டு.

அண்ணன்

ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணா,

இடது கையால் எழுதுகிறேன், கோழி கிறுக்கின மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள்.

டயர் ஒன்று ஒரு கம்பெனி, மற்றது வேறு கம்பெனி. ஜோடியாக மாற்றியதில் கொஞ்சம் குறைந்தது, பக்கம் மாறவில்லை. நீ சொன்னபடியே ஸ்பேசர் இருந்தது, கழற்றிவிட்டேன். இழுப்பு பாதிக்குப் பாதி குறைந்தது அண்ணா. சந்தோஷத்தில் எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது, பைத்தியம் மாதிரி.

அவர் வந்து பார்த்தார். சக்கரம் உள்ளே போய் வண்டி நோஞ்சானாகத் தெரிகிறதாம். "யாரைக் கேட்டுக் கழட்டின?" என்றார். நான் பானெட்டுக்குள் கையை விட்டு மவுண்ட்டைக் காட்டிக்கொண்டிருந்தேன். நீ சொன்னது சரி, ரப்பர் பாளம் பாளமாகக் கிழிந்திருக்கிறது. அதைச் சொல்லி முடிப்பதற்குள் பானெட்டை ஓங்கி அறைந்து சாத்தினார். என் வலது கை உள்ளே இருந்தது. நடுவிரலும் மோதிர விரலும். எலும்பு ஒடிந்த சத்தம் எனக்கே கேட்டது. பானெட்டைத் திறக்காமல் அதன்மேல் சாய்ந்து நின்று, "இனிமே கேப்பியா?" என்று கேட்டார். கேட்பேன் என்று சொன்ன பிறகுதான் திறந்தார்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். பானெட் தானாக விழுந்துவிட்டது என்று அவரே டாக்டரிடம் சொன்னார். நான் தலையாட்டினேன்.

மறுநாள் ஸ்பேசர் இல்லாமல் ஓட்டிப் பார்த்துவிட்டு, "பரவால்ல, கொஞ்சம் சொன்னபடி கேக்குது" என்றார். இன்னும் கொஞ்சம்தான் அண்ணா. மவுண்ட், புஷ் அனுப்பு. வலப்பக்கத்துக்கு, நெட்டையை இரண்டாகப் பிரித்து நடுத்தாங்கி வைத்த ஷாஃப்ட் கிடைக்குமா? இரண்டும் சம நீளமானால் இழுக்கக் காரணமே இருக்காது.

நட்டு

ஏப்ரல் 9

நட்டு,

வண்டியை விட்டுத்தள்ளு. கிளம்பி வா. மாடி அறையை அண்ணி ஒழித்து வைத்திருக்கிறாள்.

நான் ஒரு மடையன். உன் விரலை ஒடித்தவனுக்கு ரப்பர் புஷ் அளவு பார்த்துக்கொண்டிருக்கிறேன். ராத்திரி அவன் கையைப் பட்டறை வைஸ் இடுக்கியில் வைத்து முறுக்குவதாக நினைத்துக்கொண்டால்தான் தூக்கம் வருகிறது. இதை எழுத எனக்கு வெட்கமில்லை.

நீ வர மாட்டாய் என்று அண்ணி சொல்கிறாள். பிடித்த வேலையை முடிக்காமல் எழுந்திருக்காத ஜாதி நீ என்கிறாள். அதனால் கேட்டதெல்லாம் இந்தப் பெட்டியில் இருக்கிறது. நடுத்தாங்கியை இன்ஜின் பிளாக்கில் முடுக்கும்போது முதலில் கையால் ஏற்று, நேராக உட்கார்ந்த பிறகு முறுக்கு. கோணலாக உட்கார்ந்தால் பேரிங் ஊளையிடும். முடிந்ததும் அலைன்மென்ட் பார்க்காமல் மிதிக்காதே.

முடித்துவிட்டு வா. முடிக்காமலும் வா. எப்படியாவது வந்து சேர்.

அண்ணன்

மே 6

அன்புள்ள அண்ணா,

வண்டி நேராகப் போகிறது.

நம்பினால் நம்பு, ஷாஃப்ட் மாற்றியபோது அவர் எனக்கு எடுபிடி வேலை பார்த்தார். என் விரலில் கட்டு இருந்ததால் பெரிய நட்டை அவர்தான் தளர்த்தினார். டார்ச்சைப் பிடித்தார். நெற்றியில் வழிந்த வேர்வையைத் துடைத்துவிட்டார். "உன் பேரே நட்டுதானே, நீயே கழண்டுடாதே" என்று கிண்டல் வேறு. கல்யாணமான புதிதில்கூட இவ்வளவு சிரித்ததில்லை நாங்கள். அந்த வாரம் முழுக்க நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

இன்று மதியம் காலி ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். முதல் கியரில் முழு மிதி, இரண்டாவதிலும் முழு மிதி. ஸ்டீயரிங்கை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். இறங்கி வண்டியின் மூக்கில் முத்தம் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து குளித்தார். துண்டு ஈரமாக இருந்ததாம். பெல்ட்டால் அடித்தார். அதன் பக்கிள் பட்டு முதுகுத்தோல் கிழிந்தது. விழுந்த பிறகும் காலால் விலாவில் உதைத்தார். முகத்தில் கோபமே இல்லை அண்ணா. மூச்சுகூட வாங்கவில்லை. அடித்து முடித்துவிட்டு, சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு, மத்தியானம் போன ரோட்டைப் பற்றியே பேசினார்.

தரையில் கிடந்தபடி டயர், ஸ்பேசர், மவுண்ட், ஷாஃப்ட் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். மாற்ற இனி ஒன்றும் பாக்கியில்லை. நானும் நீயும் இரண்டு மாதமாக வண்டிக்கு அடியில் படுத்து இந்த ஆளைத் தேடியிருக்கிறோம். எவ்வளவு பெரிய முட்டாள்கள் நாம்.

துணிப்பை தயாராக இருக்கிறது. அவர் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு வெளியே போகிற முதல் தடவை நான் கிளம்பிவிடுவேன். அண்ணியிடம் சொல்.

நட்டு

மே 21

என் கண்ணே நட்டு,

உன்னைப் பார்க்க விடவில்லை. கடிதம் கொடுக்கலாம் என்றார்கள். காவலில் சாப்பாடு போடுகிறார்களா? முதுகுக்கு மருந்து கேட்டு வாங்கு.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவன் பிழைத்துவிட்டான். வண்டி இடித்ததில் இடுப்பெலும்பு நொறுங்கிவிட்டது, வலது தொடை இரண்டாக ஒடிந்திருக்கிறது. இனி கம்பு இல்லாமல் நடக்க மாட்டான் என்கிறார் டாக்டர். எனக்குப் பரிதாபம் வரவில்லை, மறைப்பானேன்.

ஆனால் கேள். அவன் உன்மேல் புகார் சொல்லவில்லை. "வண்டி எப்பவும் வலப்பக்கம் இழுக்கும் சார். அவ பாவம், அவளால பிடிக்க முடியல" என்று போலீசில் எழுதிக் கொடுத்திருக்கிறான். அது உண்மை என்று ஒரு மெக்கானிக் கையெழுத்துப் போட்டால் விபத்து என்று முடித்து உன்னை விட்டுவிடுவார்களாம். என்னைத்தான் கேட்கிறார்கள். நான் தாளை எழுதி வைத்துவிட்டேன். பொய்தான், தெரியும். நாற்பது வண்டிக்கு வேண்டுமானாலும் பொய் எழுதுவேன், நீ வெளியே வந்தால் போதும்.

கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் மன்னிச்சிட்டேன் மச்சான். வீட்டுக்கு வரச் சொல்லுங்க, மத்ததை நாங்க பேசிக்கிறோம்" என்றான். நீ அங்கே போக வேண்டாம், நம் வீட்டுக்கு வா. வண்டி இழுத்தது என்று நீயும் ஒரு வார்த்தை சொல்லிவிடு. காலில் விழுந்து கேட்கிறேன்.

அண்ணன்

மே 24

அன்புள்ள அண்ணாவுக்கு,

சாப்பாடு போடுகிறார்கள். மருந்தும் தடவுகிறார்கள். இந்தக் கடிதத்தை அதிகாரி படித்துவிட்டுத்தான் அனுப்புவார், படிக்கட்டும்.

நடந்ததைச் சொல்கிறேன். பையைப் பின்சீட்டில் போட்டு வண்டியை எடுத்தேன். வெளியே போய்ப் பாதியில் திரும்பி வந்தவர் கேட்டை இழுத்துச் சாத்திவிட்டு அதன் முன்னால் நின்றார். கையில் ஜாக்கிக் கம்பி. "இறங்குடி" என்றார். கம்பியால் முன்கண்ணாடியில் ஓர் அடி. கண்ணாடித் தூள் மடியில் கொட்டியது. இறங்கியிருந்தால் அடுத்த அடி என் மண்டையில். அவர் சிரித்துக்கொண்டிருந்தார் அண்ணா. நான் இறங்கிவிடுவேன் என்று அவருக்கு அவ்வளவு நிச்சயம்.

முதல் கியர். முழுசாக மிதித்தேன். ஸ்டீயரிங் என் கையில் ஆடவே இல்லை. கேட்டோடு சேர்த்து இடித்தேன். அவர் கத்திய பிறகுதான் பிரேக்கில் கால் வைத்தேன். பயத்தில்தான் மிதித்தேன். ஆனால் தெரிந்து மிதித்தேன்.

அவர் எழுதிக் கொடுத்தது என்மேல் இரக்கத்தால் என்றா நினைக்கிறாய்? பெண்டாட்டி இடித்தாள் என்று சொல்ல அவருக்கு நாக்கு வராது. வண்டி இழுத்தது என்று ஆகிவிட்டால் நான் ஏன் மிதித்தேன் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். கேட்கட்டும். விரல் எக்ஸ்ரே ஆஸ்பத்திரியில் இருக்கிறது. முதுகை இங்கே வந்த லேடி டாக்டர் பார்த்து எழுதிக்கொண்டார். காதைச் சோதித்தார், வலது காது இனி கேட்காதாம். இதையெல்லாம் கோர்ட்டில் என் வாயால் சொல்ல வேண்டும். விபத்து என்று வெளியே வந்தால் ஆயுசுக்கும் அவர் மன்னித்துவிட்ட பெண்டாட்டியாக இருப்பேன். கம்பை ஊன்றிக்கொண்டு நம் வாசலுக்கே வந்து அதைச் சொல்லிக் காட்டுவார். உள்ளே இருப்பது எத்தனை வருஷமானாலும் எனக்குச் சம்மதம்.

உனக்கு என்மேல் கோபம் வரும். வரட்டும், பரவாயில்லை. அண்ணியைத் திட்டாதே.

அந்தத் தாளைக் கிழித்துவிடு. வண்டிக்கு மூக்குதான் நசுங்கியிருக்கிறது, ஷாஃப்டுக்கு ஒன்றுமில்லை. அதிகாரி சந்தேகப்பட்டால் அவரைப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்து, காலி ரோட்டில் நீயே ஓட்டிக் காட்டு. முதல் கியரில் முழுசாக மிதி. ஸ்டீயரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்துவிடு. நேராகத்தான் போகும்.

உன் தங்கை