இடது பின் சக்கரத்து ஷாக்

நாள் 611, காலை 7.20
தென்மேட்டு நிலையம், செவ்வாய்

இதைக் கண்டெடுப்பவருக்கு. என் பெயர் கோமதிநாயகம். வயது அறுபத்தெட்டு. முன்பு பாளையங்கோட்டையில் வேதியியல் பேராசிரியர். இங்கே மண் ஆய்வு என் பொறுப்பு. இந்தக் குளிர்காலத்துக்கு நிலையத்தில் இரண்டே பேர்: நான், நிலவியலாளர் பெர்னதெத். அவர் முந்தாநாள் சின்ன வண்டியில் மூன்றாம் துளையிடத்துக்குப் போனார். நேற்று அந்த வண்டியின் பேட்டரி செத்துவிட்டது. இப்போது தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி, அவசரக் கூடாரத்துக்குள் உட்கார்ந்திருக்கிறார். நான் பெரிய வண்டியில் போய் அவரைக் கூட்டிவர வேண்டும். பெரிய வண்டியின் இடது பின் ஷாக் அப்சார்பர் எண்ணெய் கக்கிக் கிடக்கிறது.

எழுதப்போவதை முதலில் வரிசைப்படுத்திவிடுகிறேன். இல்லாவிட்டால் எனக்குக் கை ஓடாது.

1. ஷாக் போனதற்குக் காரணம் அதன் நடுத்தண்டான ராட்டைச் சுற்றியுள்ள சீல், அதாவது எண்ணெயைத் தடுக்கும் ரப்பர் வளையம். குளிரில் இறுகி வெடித்திருக்கிறது.
2. ஷாக் இல்லாமல் வண்டியை எடுக்கக் கூடாது.
3. உதிரி ஷாக் கிடையாது. உதிரி சீல் இரண்டு உண்டு. பிரித்து, எண்ணெய் மாற்றி, நைட்ரஜன் ஏற்றி நானே மாட்டிவிடலாம். (இதில்தான் சந்தேகம். சைக்கிள் பஞ்சரைக்கூடக் கடையில் கொடுத்து ஒட்டியவன் நான்.)
4. பெர்னதெத்திடம் 613 நண்பகல் வரை காற்று இருக்கிறது.
5. ஆகவே நேரம் போதும். வண்டி சரியானால் மூன்று மணி நேர ஓட்டம்தான்.

இரண்டாவது புள்ளிக்கு ஆதாரம் உண்டு. போன வருடம் எங்கள் மெக்கானிக் மாசிலாமணி இதே வண்டியைச் செத்த ஷாக்குடன் ஓட்டினார். துளையிடும் இயந்திரம் ஏற்றியிருந்தது. ஒரு பள்ளத்தில் இறங்கியதும் ஷாக்கைப் பிடித்திருக்கும் தாங்கி முறிந்து வண்டி சாய்ந்தது. நான் பக்கத்து இருக்கையில் இருந்தேன். காயம் ஒன்றுமில்லை. அந்தச் சத்தம் மட்டும் இன்னும் காதில் இருக்கிறது. மாசிலாமணி கடைசிக் கப்பலில் ஊர் திரும்பிவிட்டார். கையேடும் இதையேதான் சொல்கிறது.


நாள் 611, பிற்பகல் 2.45

ஷாக்கைக் கழற்றிச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்துவிட்டேன். மேசையில் பழைய படுக்கை விரிப்பு. கழற்றும் ஒவ்வொன்றையும் கழற்றிய வரிசையிலேயே தட்டுகளில் வைக்கிறேன். எண்ணெய் வடிகட்ட டீ வடிகட்டி.

பின்னால் வருபவருக்காகச் சொல்கிறேன். வண்டியின் எடையைத் தாங்குவது சுருள் கம்பி. ஷாக்கின் வேலை துள்ளலை அடக்குவது மட்டுமே. உருளைக்குள் எண்ணெய். எண்ணெய்க்கு மேல் ஒரு மிதக்கும் தடுப்பு. அதற்கும் மேல் இருநூறு பவுண்ட் அழுத்தத்தில் நைட்ரஜன். அந்த அழுத்தம் இல்லையென்றால் எண்ணெய் நுரைத்துவிடும். நுரையால் எதையும் அடக்க முடியாது. நைட்ரஜனை, நாங்கள் மூச்சுக் காற்றில் கலக்கும் சிலிண்டரிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.

தொடர்புச் செயற்கைக்கோள் ஒரு நாளில் இருமுறைதான் தலைக்கு மேல் வருகிறது. இன்று மதியம் பெர்னதெத்திடமிருந்து வந்தது:

"கோமதி சார், நான் நல்லாத்தான் இருக்கேன். கூடாரம் நம்மூரு பெட்டிக்கட அளவு இருக்கு, யாவாரந்தான் இல்ல. எப்ப கெளம்புதீக?"

ஷாக்கைப் பற்றிச் சொன்னேன். பதில்:

"ஷாக் இல்லாட்டி என்ன சார்? எங்க தூத்துக்குடி மினி பஸ்ல எதுல ஷாக் இருந்துச்சு? மெதுவா உருட்டிட்டு வாங்களேன். டொக்கு டொக்குன்னு வந்து சேந்துருவீக."

இங்கே ஈர்ப்பு பூமியில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகம், அவ்வளவுதான். துள்ளிய சக்கரம் தரையைத் தொட அதிக நேரம் எடுக்கும். அதற்குள் வண்டி சாயலாம். இதை அவருக்கு விளக்கினேன். விளக்கி முடிப்பதற்குள் கோள் பாதி வானம் கடந்துவிட்டது. கடைசியாகக் கேட்டது:

"சரி சார். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."


நாள் 611, மாலை 6.30

ஒரு சீல் போயிற்று. ராட்டின் முனையில் திருகு மரை இருக்கிறது. புது சீலை அதன் மேல் அப்படியே தள்ளினேன். மரையின் விளிம்பு கத்தி போல. சீலின் உதடு கிழிந்துவிட்டது. மாசிலாமணி இந்த இடத்தில் எதையோ மாட்டித் தள்ளுவார். என்ன என்று நினைவில்லை. கேட்கவும் வெட்கப்பட்டிருப்பேன்.

இன்னும் ஒரே ஒரு சீல். மருந்துப் பெட்டியிலிருந்து ரப்பர் கையுறை ஒன்றை எடுத்து, அதன் விரலை வெட்டி, எண்ணெய் தடவி, மரைக்குத் தொப்பி போலப் போட்டேன். அதன்மேல் சீல் வழுக்கிக்கொண்டு போயிற்று. கொஞ்ச நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். இவ்வளவு சந்தோஷப்பட்டு நாளாயிற்று.


நாள் 612, காலை 11.00

நேற்றே எண்ணெய் ஊற்றி, ராட்டை மெல்ல மெல்ல ஏற்றி இறக்கி, குமிழி வருவது நிற்கும் வரை காற்றை வெளியேற்றினேன். தடுப்பை அளவுப்படி இறக்கினேன். இன்று விடிந்ததும் இருநூறு பவுண்ட் நைட்ரஜன் ஏற்றினேன். பிறகு கசிவுச் சோதனை. அழுத்தம் காட்டும் கேஜின் குழாயை வால்வில் திருகி, அளவைப் பார்த்து, கழற்ற வேண்டும்.

முதல் சோதனையில் 192. அடுத்ததில் 185. அடுத்ததில் 177.

கசிகிறது. மீண்டும் பிரிக்க வேண்டும். கையுறை விரல் சீலுக்குள் மாட்டியிருக்குமோ. உருளையில் நான் ஏற்படுத்திய கீறலோ. எதுவானாலும் தவறு என் கையில்தான்.

பெர்னதெத்திடம் தாமதத்தைச் சொன்னேன்.

"எத்தன தடவ சார் பாப்பீக? சோறு வெந்துச்சான்னு மூடியத் தொறந்து தொறந்து பாத்தா எப்ப வேகும்? நீங்க டீ போடுததுக்கே மூணு தடவ தண்ணி அளக்கிற ஆளு."

சிரித்தார். பிறகு சொன்னார்:

"கோவிச்சிக்கிடாதீக. இங்க பேச ஆளில்ல, அதான். நாளைக்கு வந்துருவீகள்ல?"

வந்துவிடுவேன் என்றேன்.


நாள் 612, மாலை 5.50

பிரித்துப் பார்த்தேன். சீலில் குறையில்லை. உருளையில் கீறல் இல்லை. எதிலும் எந்தக் குறையும் இல்லை.

அரைமணி நேரம் பாகங்களையே பார்த்துக்கொண்டு நின்ற பிறகுதான் புரிந்தது. கேஜின் குழாய் வெறுமையானது. மாட்டும்போதெல்லாம் அது தன்னை நிரப்பிக்கொள்ளக் கொஞ்சம் வாயுவை இழுத்துக்கொள்கிறது. கழற்றும்போது அது வெளியே போய்விடுகிறது. ஷாக்கில் வாயு இருக்கும் இடமோ ஒரு டம்ளர்கூட இல்லை. ஷாக் கசியவில்லை. அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டிருந்தது என் சோதனை.

முதலாண்டு மாணவனுக்குக் கொடுக்கும் கணக்கு இது. முப்பது வருடம் நான் கொடுத்த கணக்கு.

பிரிக்கும்போது சீலை அவசரமாக உருவினேன். அதன் உதட்டில் இப்போது முடி அளவு ஒரு கோடு தெரிகிறது. மாற்ற வேறு சீல் இல்லை. அதையே போட்டு, எண்ணெய் ஊற்றி, குமிழி நீக்கி, இருநூறு ஏற்றினேன். அளந்து பார்க்கவில்லை. கேஜை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.

வெளியே போய் ஷாக்கை மாட்டி முடிப்பதற்குள் விண்வெளி உடுப்பின் சூடு தீர்ந்துவிட்டது. விரல்கள் மரத்துப்போய் ஒரு போல்ட்டை மண்ணில் போட்டுத் தேடினேன். உடுப்பைச் சார்ஜ் ஏற்ற வேண்டும். விடிந்ததும் கிளம்புகிறேன்.


நாள் 613, காலை 8.30

வண்டியில் இருக்கிறேன். ஷாக் மாட்டியாகிவிட்டது. வண்டியின் பின்புறத்தை ஏறி மிதித்துப் பார்த்தேன், அடங்கி எழுந்தது. மூன்றாவது புள்ளி சரியாகிவிட்டது. நம்பவே முடியவில்லை.

கிளம்பும் முன் பெர்னதெத்திடமிருந்து வந்தது:

"சார். தல வலிக்கி. கொஞ்சந்தான். உள்ள காத்து கெட்டுப்போச்சு போல. பேசாம படுத்துக்கிடுதேன். வண்டி லைட்டு தெரிஞ்சா எந்திரிச்சிக்கிடுதேன், என்ன."

பதினொன்றரைக்கு அங்கே இருப்பேன் என்று சொன்னேன். பதில் இல்லை. அதற்குள் கோள் இறங்கிவிட்டிருக்கலாம்.


நாள் 613, காலை 9.40

இருபத்தைந்து கிலோமீட்டர் வந்தேன். முப்பதில் ஓட்டிக்கொண்டிருந்தேன். பின்பக்கம் ஊஞ்சல் போல ஆடத் தொடங்கியது. இறங்கிப் பார்த்தேன். ராட் முழுக்க எண்ணெய். மண்ணில் சொட்டுச் சொட்டாகத் தடம். சீலின் உதட்டில் இருந்த அந்தக் கோடுதான்.

கையேட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இயக்கக் கூடாது என்றே போட்டிருக்கிறது. திரும்பிப் போய்ச் சரிசெய்ய சீல் இல்லை. காத்திருப்பதால் எதுவும் மாறாது. இவ்வளவையும் எழுதுவதற்குள் இருபது நிமிடம் போய்விட்டது.

போகிறேன். கவிழ்ந்தால் இந்தக் குறிப்பு வண்டியில் இருக்கும்.


நாள் 613, பிற்பகல் 3.00

வந்துவிட்டேன்.

வண்டியின் விளக்குகளைக் கூடாரத்தின் மேல் அடித்து நிறுத்தினேன். எழுந்திருக்கவில்லை.

உள்ளே போனேன். பக்கவாட்டில் படுத்திருக்கிறார். வாசலைப் பார்த்து. காற்றுக் குழாயை மாட்டினேன், திறந்தேன், நெஞ்சை அழுத்தினேன். எத்தனை முறை என்று எண்ணவில்லை. உடம்பு சில்லிட்டுப் போயிருந்தது. பிறகு நிறுத்தினேன்.

எழுத வேண்டியதை எழுதிவிடுகிறேன். பின்னால் வருபவருக்குத் தேவைப்படும்.

அறுபத்தைந்து கிலோமீட்டர் செத்த ஷாக்குடன் வந்தேன். மணிக்குப் பதினைந்து. டொக்கு டொக்கு என்று வந்தது. இரண்டு இடத்தில் சக்கரம் துள்ளியது. வேகத்தைக் குறைத்தேன், அடங்கியது. எங்கும் சாயவில்லை. தாங்கியைக் கையால் தடவிப் பார்த்தேன். விரிசல்கூட இல்லை. மாசிலாமணி ஓட்டிய அன்று வண்டியில் மூன்று டன் இயந்திரம் இருந்தது. இன்று ஒரு கிழவன்.

பதினைந்தில் தொண்ணூறு கிலோமீட்டர் ஆறு மணி நேரம். 611 காலையில், இந்தக் குறிப்பைத் தொடங்காமல் கிளம்பியிருந்தால், அன்று மதியமே வந்திருப்பேன். அவர் ஏதாவது கேலி பேசியிருப்பார்.

மூன்றாவது புள்ளியில்தான் சந்தேகம் என்று எழுதியிருந்தேன். என் கைகளைத்தான் சந்தேகித்தேன். சீலை, எண்ணெயை, கேஜை. அடைப்புக்குறி போட்டு அதை மட்டும் சந்தேகித்தேன். ஷாக் இல்லாட்டி என்ன என்று பெர்னதெத் கேட்டபோது விளக்கம் சொன்னேன். சரி சார் என்றார்.

விளக்குகள் எரிந்துகொண்டிருக்கின்றன. அணைக்கப் போகவில்லை. பேட்டரி இறங்கும், தெரியும்.

இரண்டாவது புள்ளி தவறு.