தேதி போடாத வாபஸ் கடிதம்

பீரோ மேலிருந்து உன் பையை இறக்கி ஜிப்பைத் திறந்தேன். ஆம்பூர் தோல் ஷெட்டின் நாற்றம் குப்பென்று முகத்தில் அடித்தது. உள்ளே இருந்தவை, தோல் அடுக்குகளின் மேல் வைத்து நாம் நிரப்பிய கேள்வித்தாள்கள். நீ செத்துப்போய் மூன்று மழைக்காலம் ஆகியும் நாற்றம் போகவில்லை. இன்று அது என் கையிலிருந்தே வருவது போல இருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன், திட்டாமல் கேள்.

கட்சிகளுக்குள் ஜனநாயகம் உண்டா என்று நாம் இருவரும் ஆராய்ந்த நாட்கள். "மேடைய பாக்காதடி, மனு வாங்கற மேசைய பாரு" என்பாய். சத்துவாச்சாரியில் பஸ் ஏறி ஆம்பூரில் இறங்கி ஷெட் ஷெட்டாக அலைவோம். அங்கே தோலிலிருந்து உப்பைத் தட்டிக்கொண்டிருந்த ஓர் அக்கா தன் கட்சியில் கிளைச் செயலாளர் பதவிக்கு நின்றவர்.

"ரெண்டு பேப்பர் மேடம். ஒண்ணு மனு, ஒண்ணு வாபஸ். ரெண்டுலயும் கையெழுத்து போட்டாத்தான் வாங்குவாங்க. தேதிய அவங்களே போட்டுப்பாங்க."

பிறகென்ன, மற்றவர்களின் வாபஸில் தேதி விழும், அவர்கள் ஆள் போட்டியின்றித் தேர்வு, தெருவெல்லாம் பட்டாசு.

கேள்வித்தாளின் கடைசிக் கேள்வியை நீதான் சேர்த்தாய்: 'இதைச் செய்தபோது அருவருப்பாக இருந்ததா?' பதிலை நாமே ஊட்டுகிற கேள்வி, ஆய்வில் செல்லாது என்று சண்டை போட்டேன். "உனக்கு இன்னாடி தெரியும்? உசுரு இருக்கான்னு மூக்குல வெரல வெச்சு பாக்கறதில்ல? அதான் இது" என்றாய்.

அந்த அக்கா சிரித்தார். "மொத நாளு ஷெட்டுல வாந்தி எடுத்தேன். ரெண்டாம் மாசம் இங்கயே உக்காந்து சோறு துன்னேன். எல்லாம் பழகிடும் மேடம். உங்க காலேஜ்ல கேட்டா நீங்க மட்டும் கையெழுத்து போட மாட்டீங்களா?"

"நாங்க படிச்சவங்கம்மா" என்றேன். நீ என் தொடையைக் கிள்ளினாய்.

இன்று எங்கள் கல்லூரி ஆசிரியர் சங்கத் தலைவர் பதவிக்கு மனு கொடுக்கப் போனேன். செயலாளர் என் முன்னால் இரண்டு தாள்களைத் தள்ளினான்.

"சும்மா ஃபார்மாலிட்டி மேடம். போட்டி கீட்டின்னா நிர்வாகத்துக்குப் பிடிக்காது. அடுத்த தடவ உங்களுக்குத்தான்."

போட்டுவிட்டேன். சீ! இரண்டிலும் போட்டுவிட்டு அவன் நீட்டிய சமோசாவையும் தின்றேன். அடுத்த பீரியடில் உட்கட்சி ஜனநாயகம் பாடம் வேறு நடத்தினேன், நாக்கு கூசவில்லை. படிச்சவளாம், தூ!

பைக்குள் நிரப்பாத தாள் ஒன்று மிச்சம் இருந்தது. என் பெயரை எழுதினேன். வாபஸ் கடிதமும் சேர்த்து வாங்கப்பட்டதா? ஆம். தேதி இருந்ததா? இல்லை. கடைசிக் கேள்விக்கு வந்ததும் மத்தியானம் தின்ற சமோசா நெஞ்சுக்கு ஏறியது. ஓடிப்போய் வாந்தி எடுத்துவிட்டு வந்து 'ஆம்' என்று எழுதினேன்.

நாளை காலை மனு பரிசீலனை. அந்தக் கடிதத்தை எல்லோர் முன்னாலும் திருப்பிக் கேட்பேன். தரமாட்டான். தராவிட்டால் இந்தத் தாளை உரக்கப் படிப்பேன். சிரிப்பார்கள், சிரிக்கட்டும். உன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் போகிறேன்.

எனக்கு இன்னும் பழகவில்லையடி.